கட்டும் இடமும் விடும் இடமும்: பூட்டு ட்ரெமலோ எழுப்பும் ஒரு வினா

கட்டும் விடுதலையும் ஒன்றுக்கொன்று பகை என்பதும், கட்டு குறையக் குறைய விடுதலை கூடும் என்பதும் சமயச் சிந்தனையிலும் அரசியல் தத்துவத்திலும் பெரும்பாலும் ஆராயாமலே ஏற்கப்படும் கணக்கு. சிறையில் இருப்பவனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது எங்கே பொய்க்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி காட்டும் பொருள்கள் சில உண்டு. மின்கிட்டாரில் பொருத்தப்படும் பூட்டு ட்ரெமலோ அவற்றில் ஒன்று. ட்ரெமலோ என்பது, கிட்டாரின் உடற்பகுதியில் தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜ் என்னும் தாங்கியை ஒரு கைப்பிடியால் அசைத்து, ஆறு தந்திகளின் இழுவிசையையும் ஒரே நேரத்தில் தளர்த்தவும் இறுக்கவும், அதன்வழி சுருதியைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் பொறி. பூட்டு ட்ரெமலோவில் இந்தப் பொறியோடு, தந்தியின் இரு முனைகளையும் திருகாணியால் இறுக்கும் அமைப்பும் சேர்ந்திருக்கும்: ஒரு பூட்டு பிரிட்ஜில், மற்றொன்று கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து செல்லும் நட் என்னும் சிறு தாங்கியில். தந்தியை இருபுறமும் பூட்டிய பிறகே அது முன்பு எட்டாத ஆழத்துக்கு இறங்கவும், இறங்கிய இடத்திலிருந்து தவறாமல் திரும்பவும் முடிகிறது. விடுதலை பற்றிய பழைய வினாவுக்கு இந்த நடைமுறை உண்மை எதைச் சேர்க்கிறது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ட்ரெமலோவில், பிரிட்ஜும் அதன் அடியில் உடலைத் துளைத்து இறங்கும் உலோகக் கட்டையும் ஒன்றாகச் சாயும்படி அமைக்கப்பட்டிருந்தன. முன்புறம் தந்திகள் இழுக்க, முதுகுப்புறக் குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்க, இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜ் நின்றது. மெல்லிய நெளிவுக்காக எண்ணிச் செய்த அந்தப் பொறியை அடுத்த தலைமுறை வேறு நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தபோது கைப்பிடியை அழுத்தி எழுப்பிய வீழ்ச்சிகளும் அலறல்களும் அந்த வாசிப்பின் உயிர்நாடி. ஆனால் அப்படி அழுத்தப்பட்ட தந்தி விட்ட இடத்துக்கே திரும்பி வராது என்பதால், வாசிப்பின் ஊடாகவே சுருதியைத் திருத்திக்கொள்வதும் அவருடைய கலையின் பகுதியாகிவிட்டது. புறப்பாட்டுக்கு வழி இருந்தது; திரும்புவதற்கு உறுதி இல்லை.

ஏன் திரும்புவதில்லை என்பதில்தான் தத்துவத்துக்குரிய நுட்பம் இருக்கிறது. ஒலிப்பது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள பகுதி மட்டுமே. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதன் நீளம் ஏறத்தாழ 648 மி.மீ. ஆனால் தந்தி நட்டோடு முடிந்துவிடுவதில்லை. நட்டில் அறுத்த பள்ளத்தின் வழியே அப்பால் சென்று, தலைப்பகுதியில் உள்ள டியூனிங் கீயில், அதாவது சுருதி கூட்டும் திருகில், சில சுற்றுகள் சுற்றிக்கொண்டிருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது ஒலிக்கும் பகுதி தளர, நட்டுக்கு அப்பாலுள்ள பகுதி அந்தக் கணத்தில் அதைவிட இறுக்கமாக இருப்பதால், தந்தி ஒரு மயிரிழை அளவு பள்ளத்தின் வழியே தலைப்பக்கம் நகர்கிறது. கைப்பிடியை விட்டதும் அந்த மயிரிழை முழுவதும் திரும்ப வேண்டும். பள்ளத்தின் உராய்வு அதில் ஒரு பங்கைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கீழே இறக்கிவிட்ட தந்தி சற்றே ஏறிய சுருதியிலும், மேலே இழுத்துவிட்ட தந்தி சற்றே இறங்கிய சுருதியிலும் வந்து நிற்கும். நட் தந்தியை முழுக்கப் பிடிக்கவும் இல்லை, முழுக்க விடவும் இல்லை. போகும்போது விட்டதை வரும்போது மறித்தது. இந்த அரைக்கட்டே குற்றவாளி. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சுருதி கலைந்தால் வாசிப்பவர் முதலில் ஐயப்படுவது டியூனிங் கீயைத்தான். புதிய கீ வாங்கிப் பொருத்திய பிறகும் குறை தொடரும்போதுதான் பலருடைய பார்வை, அசையாமல் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும் நட்டின் பக்கம் திரும்புகிறது.

அரைக்கட்டைத் தீர்க்க இரண்டு வழிகளே உள்ளன: ஒன்று முழுக்க விடுவது, மற்றொன்று முழுக்கக் கட்டுவது. முதல் வழியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எட்வர்ட் வான் ஹேலன் தம் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1978இல் பூட்டில்லாத ட்ரெமலோவையே வைத்திருந்தார். நட்டின் பள்ளங்களை அகலமாக்கி எண்ணெய் விட்டு, தந்தி தடையின்றி வழுக்கும்படி செய்துகொண்டதாகப் பின்னர் விளக்கியும் இருக்கிறார். ஜெஃப் பெக் பிற்காலத்தில் தந்தி உருண்டு செல்லும்படி உருளைகள் பதித்த நட்டைக் கையாண்டு, கைப்பிடியைக் குரலைப்போலப் பயன்படுத்தும் ஒரு நுண்கலையையே வளர்த்தெடுத்தார். இரண்டாவது வழியைக் கண்டவர் ஃபிளாய்ட் ரோஸ் என்னும் அமெரிக்கர். கிட்டார் வாசிப்பவரும் நகை வேலை அறிந்தவருமான அவர், 1970களின் பின்பாதியில், தந்தி நட்டிலேயே நகராதபடி அதை உலோகத்தால் இறுக்கிவிட்டால் என்ன என்று எண்ணினார். பிரிட்ஜிலும் அவ்வாறே செய்தார். 1979இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நட்டைப் பூட்டியதும் தலையிலுள்ள டியூனிங் கீ பயனற்றுப் போவதால், சிறிதளவு சுருதி திருத்தும் நுண்திருகுகள் பிற்கால வடிவத்தில் பிரிட்ஜிலேயே சேர்க்கப்பட்டன. எண்ணெய் விட்டுத் தந்தியை விடுவித்த வான் ஹேலனே இந்தப் பூட்டை முதலில் ஏற்றவர்களில் ஒருவர் என்பதும் கருதத்தக்கது. வெளித்தோற்றத்தில் எதிரெதிராக இருக்கும் இரு வழிகளும் ஒரே பகையைத்தான் எதிர்த்தன.

பொருத்தும் வேலையை அருகிருந்து நோக்கினால், கட்டுவது என்பது எவ்வளவு அளந்து செய்ய வேண்டிய செயல் என்பது புலப்படும். எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பழைய நட்டைத் தட்டி எடுத்துவிட்டு, பூட்டு நட் உட்காரும் அளவுக்குக் கழுத்து மரத்தைச் செதுக்கித் தட்டையான படி ஒன்று அமைக்க வேண்டும். அந்தப் படி ஆழமாகிவிட்டால் தந்திகள் முதல் ஃப்ரெட்டில், அதாவது விரற்பலகையில் பதித்த உலோக மெட்டுகளில் முதலாவதில், உரசி இரையும். மேடாகிவிட்டால் முதல் சில ஃப்ரெட்டுகளில் அழுத்தும் சுரங்கள் எல்லாம் ஏறி ஒலிக்கும். ஆழம் கூடிப்போனால் மெல்லிய உலோகத் தகடுகளை அடியில் வைத்து உயர்த்தலாம். ஆனால் நட்டின் முன்விளிம்பு, பழைய நட்டின் முன்விளிம்பு இருந்த கோட்டிலேயே அமைய வேண்டும்; அது பிசகினால் ஃப்ரெட்டுகளின் கணக்கு முழுவதுமே பிசகும். நட்டைக் கழுத்தின் பின்புறமிருந்து துளையிட்டு இரண்டு போல்ட்டுகளால் இறுக்குவது ஒரு முறை, முன்புறமிருந்தே மரத்திருகால் இறுக்குவது மற்றொரு முறை. கழுத்து மெலிந்திருக்கும் அவ்விடத்தில் முதல் முறை மரத்தை நலிவிக்கும் என்று அஞ்சுவோர் இரண்டாவதை நாடுகின்றனர். நட்டின் மேல் மூன்று சிறு உலோகக் கட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளை அமுக்கிப் பிடிக்கும். அவற்றை இறுக்குவது ஆலன் கீ எனப்படும் அறுகோணச் சாவி.

சாவியைத் திருப்புவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தந்தி டியூனிங் கீயிலிருந்து வரும் கோணம் நட்டின் வளைந்த மேற்பரப்போடு படியாமல் சற்றே எழும்பி நின்றால், பூட்டும்போது கட்டை அதைக் கீழே அமுக்கும். அமுக்கும்போதே இழுவிசை கூடிச் சுருதி ஏறிவிடும். இதைத் தவிர்க்க நட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியைப் பதித்து, தந்திகள் பூட்டப்படுவதற்கு முன்பே நட்டின் மேல் படிந்து கிடக்கும்படி செய்கின்றனர். பூட்டு அப்போது தந்தியை எங்கும் இழுப்பதில்லை. இருந்த இடத்திலேயே உறுதிப்படுத்துகிறது. கட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை இருப்பதை இந்த எளிய கம்பி பிரித்துக் காட்டுகிறது: தான் சேர்வதாலேயே பொருளின் நிலையை மாற்றிவிடும் கட்டு ஒன்று, பொருள் ஏற்கனவே எய்திய நிலையைக் காக்கும் கட்டு மற்றொன்று. ஒழுக்க விதிகளையும் நோன்புகளையும் பற்றிய விவாதங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

பிரிட்ஜின் பக்கம் வேலை கடுமையானது. உடற்பகுதியில் ஏறத்தாழ 74 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகளிட்டு எஃகுத் தூண்கள் இரண்டு பதிக்கப்படுகின்றன. பிரிட்ஜின் அடித்தகடு இந்தத் தூண்களின் பள்ளத்தில் கத்திமுனைபோலக் கூர்மையாக்கப்பட்ட தன் விளிம்பால் மட்டுமே தொட்டு நிற்கிறது. பழைய தராசுகளில் கோல் எந்த வகையில் கூர்முனை மேல் நின்று எடைக்கு ஏற்பச் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்ததோ அதே வகைதான் இதுவும். அந்த விளிம்பு மழுங்கினால் திரும்பும் துல்லியம் கெடும் என்பதால், தந்திகள் இறுகியிருக்கும்போது தூண்களின் உயரத்தைத் திருகி மாற்றக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் எச்சரிப்பார்கள். சுருதியைத் தாழ்த்த மட்டும் வேண்டுமானால் பிரிட்ஜை உடலின் மேல் படியவிட்டுவிடலாம். வான் ஹேலன் அப்படித்தான் வைத்திருந்தார். உயர்த்தவும் வேண்டுமானால், பிரிட்ஜின் பின்பகுதி இறங்குவதற்கு இடம் கொடுக்கும்படி ரூட்டர் என்னும் மரம் குடையும் பொறியால் மரத்தில் குழி வெட்ட வேண்டும். அவ்வாறு வெட்டிய கிட்டாரில் பிரிட்ஜ் எதன்மேலும் படியாமல் மிதக்கிறது.

மிதக்கும் அந்த நிலையே இப்பொருளின் தத்துவ மையம். 10 முதல் 46 வரை என்று கிட்டார் வாசிப்போர் குறிப்பிடும் நடுத்தரத் தந்திக் கட்டு ஒன்றை வழக்கமான சுருதியில் கூட்டினால், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கின்றன. முதுகுப்புறக் குழியில், பெரும்பாலும் மூன்று ஸ்பிரிங்குகள், கட்டையின் அடிமுனையைப் பற்றி எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டின் திருப்புவிசையும் சமமாகும் நிலையில் அடித்தகடு உடலுக்கு இணையாக நிற்கும். பார்ப்பதற்கு அசைவற்று நிற்கும் அந்தத் தகட்டில் ஓய்வு என்பது சிறிதும் இல்லை. கி.மு. 500ஐ ஒட்டி எபேசஸ் நகரில் வாழ்ந்த தத்துவஞானி ஹெராக்கிளிடஸ், வில்லையும் யாழ் போன்ற லைரையும் எடுத்துக்காட்டி, எதிரெதிர் இழுப்பிலேயே பொருள்களின் இயைபு நிற்கிறது என்று கூறியதாக அவருடைய எஞ்சிய துணுக்கு ஒன்று தெரிவிக்கிறது. லைரில் எதிர்த்து நிற்பது விறைப்பான மரச்சட்டம். அது தோற்கும்வரை தோற்றத்தில் மாறாது. மிதக்கும் பிரிட்ஜில் எதிர்த்து நிற்பதும் நெகிழக்கூடியது. ஆகவே இங்கே நிலைபேறு என்பது மாறாத ஒன்றின் பண்பாக இல்லாமல், மாறக்கூடிய இரண்டின் உடன்பாடாக இருக்கிறது. ஹெராக்கிளிடஸ் சொன்னதற்கு லைரைவிட இது பொருத்தமான சான்று என்று கொள்வதில் தவறில்லை.

இதன் விளைவை முதன்முறை சுருதி கூட்டுபவர் உடனே உணர்வார். தடித்த கீழ்ச்சுருதித் தந்தியை அதற்குரிய 82.4 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியவுடன் பிரிட்ஜ் முன்னே சற்றுச் சாய, மற்ற ஐந்தும் இறங்கிவிடும். இரண்டாவதை ஏற்றினால் முதலாவது இறங்கும். ஆறையும் ஒரு சுற்று முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கிக்கொண்டே வரும். இதனிடையே தகடு தூக்கி நிற்கிறதா என்று பார்த்து, முதுகுப்புறத்தில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு திருகுகளையும் சற்றே முடுக்கி, மறுபடியும் சுருதி பார்க்க வேண்டும். பொறுமையிழந்த சிலர் கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு 9 வோல்ட் பேட்டரியைச் செருகி, பிரிட்ஜைத் தற்காலிகமாக அசையாமல் நிறுத்திக்கொண்டு கூட்டுவதும் உண்டு. இறுதியில் நுண்திருகுகளை நடுநிலையில் வைத்துவிட்டு நட்டைப் பூட்டினால், பூட்டும்போது நேரும் சிறு மாற்றத்தை இருபக்கமும் திருத்த இடமிருக்கும். முதலிலேயே அவற்றை அடிவரை முடுக்கிவிட்டவர் நட்டை மறுபடி திறக்க நேரும்.

தந்தியின் இறுக்கத்தைச் சமய நெறிக்கு எடுத்துக்காட்டாக்கிய பழமையான இடங்களுள் ஒன்று பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் வரும் சோணனின் வரலாறு. செல்வக் குடியில் பிறந்து, வீணை வாசிப்பில் தேர்ந்து, பின் துறவு பூண்ட சோணன், இராசகிருகத்தின் அருகே கடுமுயற்சியில் ஈடுபட்டும் பயன் காணாமல் இல்லறத்துக்கே திரும்பலாமா என்று எண்ணியபோது, மிக இறுகிய தந்தியும் மிகத் தளர்ந்த தந்தியும் இசைக்கு உதவாததைப் புத்தர் அவனுக்கு நினைவூட்டினார் என்பது செய்தி. இதை மிதமான முயற்சியைப் புகழும் உவமையாக மட்டும் எடுத்துக்கொள்வது பொதுவழக்கு, அது போதாது. முயற்சியின் சமநிலையோடு, நம்பிக்கை, முயற்சி, விழிப்பு, ஒருமுகம், மெய்யறிவு என்னும் ஐந்து ஆற்றல்களின் சமநிலையையும் அறிந்துகொள்ளுமாறு புத்தர் அங்கே கூறுகிறார். 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமார்க்கத்தை எழுதிய புத்தகோசர் இதை விரித்து, நம்பிக்கையை மெய்யறிவோடும், முயற்சியை ஒருமுகத்தோடும் ஈடுகட்ட வேண்டும் என்றும், ஒன்று மிகுந்தால் மற்றவை தம் வேலையைச் செய்ய இயலாது என்றும் விளக்குகிறார். விழிப்பு மட்டும் எங்கும் வேண்டப்படுவது என்பது அவர் முடிபு. தனித்தனியே சரியான இறுக்கம் என்று ஒன்று இல்லை, மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே ஓர் ஆற்றலின் சரியளவு தெரியும் என்னும் இக்கருத்துக்கு, அசையாத தாங்கியுடைய வீணை முழு எடுத்துக்காட்டாகாது. அதில் ஒரு தந்தியை முறுக்கினால் மற்றது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்திக்கு மட்டும் சுருதி கூட்டுவது என்பதே இயலாது.

இந்த ஒன்றிப்புக்கு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வீணையில் ஒரு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டும்போது பக்கத்திலுள்ள தாளத் தந்திகள் தம் சுருதியிலேயே நிற்கின்றன. மிதக்கும் கிட்டாரில் ஒரு தந்தியை விரலால் இழுத்து வளைத்தால், அந்தக் கூடுதல் இழுப்பில் பிரிட்ஜ் சாய, உடன் ஒலிக்கும் மற்றவை இறங்குகின்றன. வாசிக்கும்போது உள்ளங்கையைப் பிரிட்ஜின் மேல் அழுத்தி வைத்தால் எல்லாம் ஏறும். மேடையில் ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங்குகள் வெல்ல, எஞ்சிய ஐந்தும் ஒருசேரச் சுருதி கெடும். அசையாத பிரிட்ஜில் ஐந்து தந்தியோடு பாட்டை முடித்துவிடலாம், இதில் முடியாது. ஒரு பாட்டுக்காகத் தடித்த தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கிக்கொள்வது மற்ற கிட்டார்களில் நொடிப்பொழுது வேலை. இங்கே அதற்கு இடமில்லை. அதற்கென வான் ஹேலன் பயன்படுத்திய சிறு கருவியும், பிரிட்ஜ் உடலில் படிந்திருந்தால்தான் வேலை செய்யும். ஆறு தந்திகளும் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பும் ஆற்றலைப் பெற்றது, ஒவ்வொன்றும் தனித்து நடக்கும் உரிமையைக் கொடுத்துத்தான்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். அரசியல் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய பேருரையில், தடைகள் இல்லாமையை விடுதலை என்பதையும், தன்னைத்தானே ஆளுவதை விடுதலை என்பதையும் பிரித்து, இரண்டாவது கருத்து எவ்வளவு எளிதாகக் கொடுங்கோலுக்குத் துணைபோகும் என்று எச்சரித்தார். உன் உயர்ந்த இயல்பின் விடுதலைக்காகவே உன்னைக் கட்டுகிறோம் என்று சொல்லாத சர்வாதிகாரி இல்லை. பூட்டு ட்ரெமலோவைப் புகழ்பவர் அதே வாதத்தை மரத்திலும் எஃகிலும் திரும்பச் சொல்கிறார் என்று ஒருவர் கூறினால், அதற்கு விடை கூறியாக வேண்டும். முதலாவது, இங்கே பெருகும் விடுதலை தந்தியுடையது அன்று, வாசிப்பவருடையது. தந்திக்கு விருப்பம் இல்லை. ஆகவே அதைக் கட்டுவதில் அநீதி இல்லை. மனிதர்களைத் தந்தியின் இடத்தில் வைத்து எவரேனும் இந்த ஒப்புமையை நீட்டினால் அக்கணமே அது பொய்யாகிவிடும். இரண்டாவது, கட்டுபவர் யார், சாவி யார் கையில் என்பதே விடுதலைக்குரிய வினா. யோன் எல்ஸ்டர் என்னும் நார்வே அறிஞர், ரோஸுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1979இல் வெளியிட்ட நூலில், கடற்கன்னியரின் பாட்டுக்கு மயங்காதிருக்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்ன யுலிசிஸின் கதையை முன்வைத்து, மனிதர் தம்மைத் தாமே கட்டிக்கொள்வதன் பகுத்தறிவை ஆராய்ந்தார். 2000இல் எழுதிய மற்றொரு நூலில் அவரே தம் கருத்தைத் திருத்தி, அரசமைப்புச் சட்டங்கள் போன்றவற்றில் தன்னைக் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பிறரைக் கட்டுவதே பெரும்பாலும் நிகழ்கிறது என்றார். இந்தத் திருத்தம் முதல் நூலைவிட மதிப்புள்ளது. ஆலன் கீ வாசிப்பவரின் பெட்டியில் கிடக்கும்வரை பூட்டு அவருடைய கருவி. அது வேறொருவர் பையில் இருந்தால் அதன் பெயர் வேறு.

சைவ சித்தாந்தம் இவ்வினாவை இன்னும் ஆழமான இடத்தில் வைக்கிறது. உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களையும் பாசம் என்று ஒரே தொகுதியில் அடக்கினாலும், அவற்றை அச்சமயம் ஒரே தட்டில் வைப்பதில்லை. மாயையும் மலமே; ஆனால் உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றைத் தந்து, அறிவு மூடிக்கிடக்கும் உயிர் சிறிதளவேனும் அறியவும் செயல்படவும் துணை செய்வதும் அதுவே. ஆணவமோ அறிவை மறைப்பதோடு, தான் மறைப்பதையும் மறைக்கிறது. இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும். ஆணவம் அதையும் செய்யாது என்னும் நுட்பம் 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில் உண்டு. ஆகவே கட்டுகளை எண்ணி விடுதலையை அளக்க முயல்வோருக்குச் சித்தாந்தத்தின் விடை தெளிவானது: எண்ணிக்கையைக் கேளாதே, வகையைக் கேள். தெரிந்தே பூணும் கட்டு, தெரியாமல் பிணித்திருக்கும் கட்டை அறுக்கும் வேலைக்குப் பயன்படக்கூடும். நட்டின் பள்ளத்தில் ஒளிந்திருந்த உராய்வு, தான் பிடித்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமலே சுருதியைக் கெடுத்தது; மேலே வைத்த மூன்று கட்டைகள் வெளிப்படையாகப் பிடிக்கின்றன. வீடுபேற்றிலும் உயிர் எதையும் சாராமல் தனித்து மிதப்பதாக அச்சமயம் சொல்வதில்லை. பாசத்தைச் சார்ந்திருந்தது இறைவன் திருவடியைச் சார்கிறது என்றே சொல்கிறது. இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தந்திக்கு அறிவில்லை; அறிவில்லாத பொருளுக்கு மலமும் இல்லை, வீடும் இல்லை. எனினும் கட்டுகள் எல்லாம் ஒரு தரம் அல்ல என்ற ஒரு கருத்தில் பட்டறையும் சாத்திரமும் ஒன்றுபடுகின்றன. அந்த அளவுக்கு இந்த ஒப்பீடு செல்லும், அதற்கு மேல் செல்லாது.

இதுவரை சொன்னதில் திறக்கக்கூடிய கட்டுகள் மட்டுமே பேசப்பட்டன. பொருத்தும் வேலையில் திறக்க முடியாத ஒன்றும் உண்டு: மரத்தில் விழும் வெட்டு. பூட்டைத் தளர்த்தலாம், பிரிட்ஜைக் கழற்றலாம், ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையை மாற்றலாம்; ரூட்டர் தின்ற மரம் திரும்பாது. கழுத்தில் செதுக்கிய படியை நிரப்பிப் பழைய நட்டை மீண்டும் வைக்கலாம் என்றாலும் அது ஒட்டுவேலையே. திரும்பிவருதலை உறுதிசெய்வதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பொறி, திரும்ப முடியாத ஒரு செயலின் வழியே கிட்டாருக்குள் நுழைகிறது. எனவே கைப்பிடியை ஆழமாகப் பயன்படுத்தும் இசைக்கு இந்த வெட்டு தகும். எப்போதாவது சிறு நெளிவு காட்டுபவருக்கும், சுருதி அமைப்பை அடிக்கடி மாற்றி வாசிப்பவருக்கும் தகாது. கையில் ஒரே ஒரு கிட்டார் வைத்திருப்பவர், ரூட்டரை எடுப்பதற்கு முன், நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துக் கரித்தூள் படியவிட்டுச் சில நாள் வாசித்துப் பார்க்கட்டும். பாதிப் பேருக்கு வேண்டியது அதுவாகவே இருக்கலாம். அதன் பிறகும் தந்தி இடத்துக்குத் திரும்பவில்லையென்றால் மரத்தை வெட்டலாம்.